தொழுநோயும் மரபணு வேறுபாடும்: இயற்கைத் தேர்வின் தடயங்கள்

1949-ஆம் ஆண்டில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் உயிரியலறிஞர் நோயையும் பரிணாமத்தையும் இணைத்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். உயிரினங்கள் இன்றைய இயல்பை அடைந்ததற்குப் பசி, குளிர், பகை விலங்கு ஆகியவற்றையே முதற் காரணமாகக் கூறுவது அந்நாளைய வழக்கம். தொற்று நோயும் அவற்றுக்கு இணையான, சில வேளைகளில் அவற்றினும் வலிய, சக்தி என்று ஹால்டேன் வாதிட்டார். ஒரு கிருமி பெரும்பான்மையோரின் உடலமைப்புக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும்போது, அரிதான அமைப்புடைய சிலர் அதன் பிடியிலிருந்து தப்புவர். ஆகவே ஓர் இனத்துக்குள் வேறுபாடுகள் நிலைத்திருப்பதே அவ்வினத்துக்குக் காப்பாக அமைகிறது என்பது அவர் கருத்தின் சாரம். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, இந்தியக் குடியுரிமையும் பெற்ற அவர், 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

ஹால்டேன் வாழ்ந்த நாட்களில் மரபணுவின் எழுத்துக்களைப் படிக்கும் வழி எவருக்கும் தெரியாது. அவ்வழி பிறந்த பின்னர், மனிதனின் மரபணுக்களுள் மிகுந்த வேறுபாடு காணப்படுவன நோய்த் தடுப்பாற்றலைச் சார்ந்தவையே என்பது வெளிப்பட்டது. கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் இவற்றுள் முக்கியமானவை. ஏற்பி என்பது செல்லின் மேற்புறத்திலோ உட்புறத்திலோ அமைந்து, அந்நியப் பொருள் ஒன்றைத் தொட்டவுடன் செல்லுக்கு எச்சரிக்கை தரும் புரதமாகும். அதை ஆக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் எச்சரிக்கை உரத்தோ தாழ்ந்தோ ஒலிக்கலாம். சில வேளைகளில் ஒலிக்காமலே போகலாம். எந்த மாற்றம் எந்நாட்டில் நிலைத்தது, எங்கே மறைந்தது என்பதை ஆராய்ந்தால் மூதாதையர் எந்நோய்களோடு போராடினர் என்பதற்கான தடயம் கிடைக்கிறது. இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சி தொழுநோயோடு நெருங்கிய தொடர்புடையது.

பூச்சியிலிருந்து மனிதனுக்கு

டோல் என்னும் மரபணு முதலில் பழ ஈயின் கருவளர்ச்சி பற்றிய ஆராய்ச்சியில் கண்டறியப்பட்டது. ஜெர்மன் மொழியில் வியப்பைக் குறிக்கும் சொல் அதற்குப் பெயராயிற்று. 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல் ஹாஃப்மன் குழுவினர், இம்மரபணு பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சைத் தொற்றுக்கு எளிதில் பலியாவதைக் கண்டனர். மறு ஆண்டே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஜேன்வேயும் ருஸ்லான் மெட்சிட்டோவும் மனிதனிடமும் இதை ஒத்த ஏற்பி இருப்பதைக் காட்டினர். 1998-இல் புரூஸ் பாய்ட்லர், எலிகளில் இவ்வகை ஏற்பி ஒன்றே பாக்டீரியா நச்சை உணர்கிறது என நிறுவினார். ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றோருள் அடங்குவர்.

மனிதனிடம் டோல் வகை ஏற்பிகள் பத்து உள்ளன. சில செல்லின் மேற்புறத்தில் அமைந்து பாக்டீரியாக்களின் உறைப்பொருள்களை உணர்கின்றன. மூன்றாம், ஏழாம், எட்டாம், ஒன்பதாம் ஏற்பிகள் செல்லினுள் உள்ள நுண்பைகளில் அமைந்து, வைரசு முதலியவற்றின் மரபுப் பொருளை இனங்காண்கின்றன.

மாறாதவையும் மாறுபவையும்

இவ்விரு தொகுதிகளையும் இயற்கைத் தேர்வு ஒரே வகையில் நடத்தவில்லை. 2009-இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தாரின் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. உட்புற ஏற்பிகளில், புரதத்தின் அமைப்பைக் குலைக்கும் மாற்றங்கள் மனித குலத்தில் அரிதாகவே காணப்படுகின்றன. அத்தகைய மாற்றத்துடன் பிறந்தோர் சந்ததி விட்டுச் செல்வது குறைந்து, மாற்றமும் மறைந்துபோயிற்று என்று இதற்குப் பொருள். களையெடுப்பைப் போன்ற இத்தேர்வு, வைரசைக் காணும் காவலுக்கு மாற்று ஏற்பாடு உடலில் அதிகம் இல்லை என்பதைப் புலப்படுத்துகிறது.

மேற்புற ஏற்பிகளின் நிலை வேறு. ஒன்று தவறினால் மற்றொன்று அப்பணியை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. பாக்டீரியாவின் சாட்டையிழையை உணரும் ஐந்தாம் ஏற்பியை முற்றிலும் முடக்கும் மாற்றத்தைத் தாங்கியவர்கள் பல நாடுகளில் எவ்விதக் குறையுமின்றி வாழ்கின்றனர். இத்தகைய தளர்வு இருக்கும் இடத்தில்தான் புதிய வடிவங்கள் தோன்றி, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பப் பெருக வாய்ப்பு உண்டு.

அவ்வாறு பெருகியதற்கு எளிதில் விளங்கும் சான்று, டோல் குடும்பத்தைச் சேராத டஃபி ஏற்பியாகும். அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் இது, சிவப்பணுக்களின் மேலும் உள்ளது. வைவாக்ஸ் மலேரிய ஒட்டுண்ணி இதனையே வாயிலாகக் கொண்டு சிவப்பணுவினுள் நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் இவ்வேற்பி இல்லை. அம்மரபணுவை இயக்கும் பகுதியில் ஓர் எழுத்து மாறியதே காரணம். இவர்களுக்கு வைவாக்ஸ் மலேரியா வருவதில்லை என்பதை 1976-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டனர். பின்னர், 2010-இல் மடகாஸ்கரில் அவ்வேற்பி இல்லாத சிலருக்கும் வைவாக்ஸ் தொற்று கண்டறியப்பட்டது. பூட்டு மாறினால் திருடனும் புதுச் சாவி தேடுகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. இந்திய மக்களில் மிகப் பெரும்பாலோரிடம் டஃபி ஏற்பி உள்ளது. வைவாக்ஸ் இங்கே பரவலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வலுக்குறைந்த ஏற்பி தரும் காப்பு

டஃபியின் கதையில் வாயில் அடைபட்டது, நோய் நின்றது. தொழுநோயின் கதை அத்தனை நேரானதன்று.

முதலாம், ஆறாம், பத்தாம் டோல் ஏற்பிகளின் மரபணுக்கள் நான்காம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலாம் ஏற்பி, இரண்டாம் ஏற்பியுடன் இணைந்து, தொழுநோய், காசநோய் ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளின் உறையிலுள்ள கொழுப்புப் புரதங்களை உணர்கிறது. இதன் 602-ஆம் இடத்தில் ஐசோலூசின் என்னும் அமினோ அமிலம் இருப்பது பழைய வடிவம். அவ்விடத்தில் செரின் அமைந்த புதிய வடிவமும் உண்டு. செரின் வடிவம் செல்லினுள் உருவாகியும் மேற்புறத்தை உரியவாறு சென்றடைவதில்லை. அதனால் கிருமியைக் கண்டு செல் எழுப்பும் எச்சரிக்கை வெகுவாகக் குறைகிறது. ஐரோப்பியரிடையே இவ்வடிவமே பெரும்பான்மை. ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் அது அரிது. இந்தியாவிலும் குறைவே.

காவலாளி அயர்ந்திருப்பது வீட்டுக்கு நன்மையாகுமா? 2007-இல் துருக்கியில் செய்த ஆய்வு ஆகும் என்றது: செரின் வடிவம் உடையோரிடையே தொழுநோய் குறைவாக இருந்தது. நேபாளத்தில் தொழுநோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான முடிவு இன்னும் நுட்பமானது. நோயின் இடையே தோலும் நரம்பும் திடீரென வீங்கிக் கை கால் ஊனத்துக்கு வழிவகுக்கும் எதிர்வினை ஒன்று உண்டு. செரின் வடிவம் உடையோருக்கு அது குறைவாகவே ஏற்பட்டது. 2010-இல் புது தில்லி, கல்கத்தா நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்த விரிவான ஆய்வில், தொழுநோய்க்கு ஆட்படும் தன்மையோடு தொடர்புடையனவாக இரு இடங்கள் தலைதூக்கின. ஒன்று இம்முதலாம் டோல் ஏற்பி; மற்றொன்று ஆறாம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுத் தொகுதி.

தொழுநோயின் இயல்பை அறிந்தோருக்கு இம்முடிவு அத்தனை வியப்பளிக்காது. அந்நோயில் நரம்பு சிதைவதற்குக் கிருமி ஒரு காரணம் என்றால், கிருமியை எதிர்த்து உடல் மூட்டும் அழற்சி மற்றொரு காரணம். மேலும் இக்கிருமி, தன்னை அழிக்க வரும் விழுங்கு செல்லினுள்ளேயே குடியேறி வாழ்கிறது. எதிர்ப்பு குறைந்தால் சேதமும் குறைவு என்பது இங்கே பொருந்தக்கூடிய விளக்கமே. ஆனால் வேறொரு கிருமிக்கு முன்னே அதே தளர்வு கேடாக முடியலாம். ஒரு மரபணு வடிவத்தை நல்லது என்றோ தீயது என்றோ பெயரிட்டுவிட முடியாது. எந்த நோய்க்கு, எந்தச் சூழலில் என்று கேட்ட பின்னரே விடை கூற இயலும்.

தொழுநோய் உயிரை எளிதில் பறிப்பதன்று. அது எவ்வாறு இயற்கைத் தேர்வை நடத்தும் என்னும் ஐயம் எழலாம். இயற்கைத் தேர்வின் கணக்கில் மரணம் தனியே எண்ணப்படுவதில்லை. பிறந்து வளரும் சந்ததியே எண்ணப்படுகிறது. முற்றிய வகைத் தொழுநோய் ஆண்களின் விதைப்பைகளைத் தாக்கி மலட்டுத்தன்மையை உண்டாக்கும். இத்துடன், நோயுற்றவரை ஊருக்கு வெளியே ஒதுக்கிய சமூகம் அவருக்கு மணவாழ்வையும் மறுத்தது. நுண்ணுயிர் தொடங்கிய தேர்வைச் சமூகத்தின் கொடுமை கடுமையாக்கியது எனலாம்.

இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோய் பரவலாக இருந்து, 16-ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் மறைந்தது. அக்கால எலும்புகளிலிருந்து எடுத்த கிருமியின் மரபுப் பொருளை 2013-இல் படித்தபோது, அது இன்றைய கிருமியினின்று மிகச் சிறிதே வேறுபட்டது. கிருமி வீரியம் இழந்ததால் நோய் மறைந்தது என்ற எளிய விளக்கத்துக்கு அது இடம் தரவில்லை. மக்களின் எதிர்ப்பாற்றல் உயர்ந்தது, வாழ்க்கை நிலை மாறியது, பிற நோய்களால் நலிந்தோர் மடிந்தனர் என்னும் காரணங்களே எஞ்சி நின்றன.

ரோமா மக்கள் தரும் சான்று

ஐரோப்பியரிடையே இவ்வடிவங்கள் பெருகியமைக்கு நோயே காரணமா, அன்றித் தற்செயலா? சிறு குடியாகப் பிரிந்து பெருகும் மக்களிடையே ஒரு வடிவம் எக்காரணமும் இன்றி மிகுதல் உண்டு. குடியேற்றத்தாலும் கலப்பு மணத்தாலும் விகிதங்கள் மாறும். ஆகவே விகித வேறுபாட்டைக் கண்டவுடன் இயற்கைத் தேர்வு என்று முடிவு கட்டுவது தவறாகும்.

இங்கே இந்தியாவின் பழைய உறவு ஒன்று துணைக்கு வருகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டு, பாரசீகத்தின் வழியே பால்கன் நாடுகளை அடைந்தவர்கள் ரோமா மக்கள். தண்ணீரை இன்றும் அவர்கள் 'பானி' என்றே அழைக்கின்றனர். ருமேனியப் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். அண்டை மக்களுடன் மண உறவு குறைவு. எனினும் ஊரும் நீரும் நோயும் பொதுவாகவே இருந்தன.

ருமேனியர், அந்நாட்டு ரோமா மக்கள், வடமேற்கு இந்தியர் ஆகிய மூவரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. முதலாம், ஆறாம், பத்தாம் டோல் ஏற்பிகள் அடங்கிய தொகுதியில் தேர்வின் அடையாளம் ருமேனியரிடமும் ரோமா மக்களிடமும் காணப்பட்டது. வடமேற்கு இந்தியரிடம் காணப்படவில்லை. வேறு வேறு மூதாதையரைக் கொண்ட இரு மக்கள் ஒரே மண்ணில் வாழ்ந்தபோது ஒரே மரபணுத் தொகுதி ஒரே திசையில் மாறியிருக்கிறது. பிறப்பால் வந்த ஒற்றுமை இதற்குப் போதிய விளக்கமாகாது என்பதே இவ்வாய்வின் சிறப்பு.

ஆய்வாளர்கள் 14-ஆம் நூற்றாண்டின் பெருங் கொள்ளைநோயான பிளேக்கைக் காரணமாகச் சுட்டினர். பிளேக் கிருமி பட்டபோது இவ்வேற்பிகளைக் கொண்ட செல்கள் வினைபுரிவதையும் சோதனையில் காட்டினர். ஆயினும் இம்முடிவை அப்படியே ஏற்பதற்குத் தடைகள் உண்டு. 2015-இல் வெளியான பண்டைய எலும்பு ஆய்வில், ஐரோப்பாவில் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாகவே தேர்வுக்கு உள்ளான இடங்களுள் இத்தொகுதியும் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. பிளேக் இந்தியாவையும் விட்டுவைக்கவில்லை. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தொழுநோய், காசநோய் ஆகியவற்றின் நெடுங்கால அழுத்தத்தையும் சேர்த்து எண்ணுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பரம்பரை நோய் என்னும் பழி

மரபணுவுக்கும் தொழுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும்போது நிர்வாகத்தில் உள்ளோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அச்சொல்லால் விளைந்த தீமை சிறிதன்று. 1847-இல் நார்வேயின் டானியல்சனும் பெக்கும் இந்நோயைப் பரம்பரை நோய் என்றனர். அதே நாட்டின் ஹான்சன் 1873-இல் கிருமியைக் கண்ட பின்னும் குடும்பத்தின் மீது படிந்த கறை நீங்கவில்லை. தொற்றைக் காரணம் காட்டி 1898-இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம், ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்தது. இந்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீக்கப்பட்டது 2016-இல்தான். மணவிலக்குக்குத் தொழுநோயை ஒரு காரணமாகக் கொண்ட விதிகள் 2019-இல் நீக்கப்பட்டன.

மெய்ந்நிலை இதுவே: தொழுநோய் தொற்றும் நோய், கிருமியின்றி அது எவருக்கும் வாராது. மரபணு தீர்மானிப்பது ஆட்படும் தன்மையின் சிறு பகுதியை மட்டுமே. மக்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இக்கிருமியை இயல்பாகவே வெல்லும் ஆற்றல் உடையவர்கள். குறிப்பிட்ட ஒரு வடிவம் இல்லாததால் ஒருவர் நோயுறுவார் என்றோ, இருப்பதால் தப்புவார் என்றோ தனி மனிதரைப் பற்றிச் சொல்ல எந்த ஆய்வும் இடந்தரவில்லை. அது எந்தச் சாதிக்கும் குடும்பத்துக்கும் உரிய இலக்கணமும் அன்று.

நோயைக் குறைத்தது மரபணு அன்று, மருந்து. 1983-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு 57.8 நோயாளிகள் இருந்தனர். 2005 டிசம்பரில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் மரபணு விகிதங்கள் அவ்வாறு மாறியிருக்க வழியே இல்லை. எனினும் பணி முடிந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர், இந்நாட்டினர்.

மருந்தின் பக்கம்

மரபணு வேறுபாடு பற்றிய அறிவு உடனடியாகப் பயன்படும் இடம், நோய்க்கு ஆளாவோரை முன்னறிவதில் இல்லை. மருந்தால் வரும் இடரைத் தவிர்ப்பதில் உள்ளது. இது எச்.எல்.ஏ. தொகுதியைச் சார்ந்தது. கிருமியின் துண்டுகளை ஏந்தி, வெள்ளணுக்களின் ஏற்பிகளுக்குக் காட்டும் புரதங்களை இத்தொகுதி ஆக்குகிறது. மனித மரபணுக்களில் வேறுபாட்டின் உச்சம் இங்கேயே. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியுள்ளன. இரு வேறு வடிவங்களைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர் கூடுதலான கிருமிகளை இனங்காண்பார். அரிய வடிவத்தைக் கிருமி எளிதில் ஏமாற்ற முடிவதில்லை. ஹால்டேன் கருதிய வழியிலேயே இயற்கைத் தேர்வு இங்கே வேறுபாட்டைப் பேணிவந்திருக்கிறது. ஆனால் கிருமிக்காகப் பேணப்பட்ட வடிவம், மூதாதையர் கண்டறியாத ஒரு மருந்தின் முன்னே எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தொழுநோய்க் கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகியவற்றுடன் டாப்சோன் சேர்கிறது. டாப்சோன் உட்கொள்வோரில் நூற்றுக்கு 0.5 முதல் 3.6 பேருக்குக் கடும் ஒவ்வாமை தோன்றுகிறது. காய்ச்சல், உடல் தடிப்பு, கல்லீரல் பாதிப்பு எனத் தொடர்ந்து, அவ்வாறு தாக்குண்டோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழக்கின்றனர். இவ்வொவ்வாமைக்கும் எச்.எல்.ஏ.-பி 13:01 என்னும் வடிவத்துக்கும் உள்ள நெருங்கிய தொடர்பைச் சீன விஞ்ஞானிகள் 2013-இல் வெளியிட்டனர். அவ்வடிவம் சீனரில் நூற்றுக்கு 2 முதல் 20 பேரிடமும், இந்தியரில் 1 முதல் 12 பேரிடமும் உள்ளது. ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் அநேகமாக இல்லை. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டே இராது. பின்னர்ச் சீனாவில் நோயாளிகளை முன்கூட்டியே சோதித்து, அவ்வடிவம் இல்லாதவர்களுக்கு மட்டும் டாப்சோன் வழங்கியபோது இவ்வொவ்வாமை தோன்றவில்லை.

இந்தியருள் 1 முதல் 12 வரை என்னும் அகன்ற இடைவெளி கவனிக்கத்தக்கது. நெடுங்காலமாகத் தத்தம் குழுவுக்குள்ளேயே மணஉறவு கொண்ட மக்கள் பலர் வாழும் நாட்டில், ஒரு மாநிலத்தின் கணக்கு மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. 2020-இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தின் கீழ் பத்தாயிரம் பேரின் முழு மரபுத் தொகுதி படிக்கப்பட்டு, 2025 சனவரியில் அத்தகவல்கள் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. தொழுநோய் மிகுந்த மாவட்டங்களில் 13:01 வடிவத்தின் விகிதம் என்ன என்று பார்ப்பது அத்தகவல்களின் பயனுள்ள உபயோகங்களுள் ஒன்றாகும். சோதனை வசதி எட்டாத ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்போதைக்கு உள்ள வழி, கூட்டு மருந்து தொடங்கிய முதல் இரு மாதங்களில் காய்ச்சலும் தடிப்பும் கண்டவுடன் டாப்சோன் மாத்திரையை நிறுத்தி, நோயாளியைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புவதாகும்.